கல்வி நாடி வந்தோரும் அனந்தையும்

பிறந்த ஊரை விட்டுக் கல்வி நாடி வேற்றூர் செல்லும் இளைஞனுக்கு முதலில் வேண்டுவது வகுப்பறையன்று, தலைசாய்க்க ஓரிடமும், "உண்டாயா?" என்று கேட்க ஒரு வாயுமே ஆகும். இந்தியக் கலாசார உறவுக் கழகத்தின் உதவித்தொகை பெற்று இன்று அயல்நாட்டு மாணவர் பலர் கேரளப் பல்கலைக்கழகத்திற்கு வந்து பயில்கின்றனர். அவர்களைக் கடைத்தெருவில் காணும்போது, 'எந்த நாட்டாரோ' என்று நாம் ஒதுங்கிச் செல்கிறோம். ஒரு காலத்தில் இந்நகருக்கு வந்த தமிழ் மாணவனும் வேற்று நாட்டானே என்பதை மறந்துவிடுகிறோம். அவ்வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் இவ்வாண்டு விழா மலரில் பொருத்தமாகும்.

அனந்தையில் ஆங்கிலக் கல்விக்கு வித்திட்டவர் சுவாதித் திருநாள் மகாராஜா. நாகர்கோவிலில் பள்ளி நடத்திவந்த ராபர்ட்ஸ் என்பாரை வரவழைத்து, 1834ஆம் ஆண்டில் அவர் இங்கு ஒரு பள்ளியைத் தொடங்கச் செய்தார். அப்பள்ளி 1866இல் கல்லூரியாக உயர்ந்து, மகாராஜா கல்லூரி எனப் புகழ்பெற்று, இன்று யூனிவர்சிட்டி காலேஜாக விளங்குகிறது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் தமிழ் இளைஞர் இந்நகரின் கல்விக்கூடங்களை நாடி வந்தனர். பிற்காலத்தில் பேராராய்ச்சியாளராகப் பெயர் பெற்ற எஸ். வையாபுரிப் பிள்ளையும் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து இங்கே சட்டம் பயின்றவரே.

அக்காலத்தில் திருநெல்வேலியிலிருந்து புறப்படும் மாணவன் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால் வேற்றரசு. அப்பால் அனந்தை வரை மாட்டு வண்டிதான். 1904இல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்திற்கு ரயில் வந்தது. அது தம்பானூரை எட்ட 1931 ஆயிற்று. நாகர்கோவிலிலிருந்து ரயில் வந்ததோ 1979இல்தான்! வந்து இறங்கியவன் மடியிலிருந்த ஆங்கில அரசின் ரூபாயை மாற்றினால் இருபத்தெட்டரைச் சக்கரம் கிடைக்கும். பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம் என்னும் கணக்கு மனத்தில் பதியவே சில நாள் செல்லும். திருவிதாங்கூர் அரசின் தபாலுக்கு 'அஞ்சல்' என்று பெயர். அதற்குத் தனி முத்திரை. இன்று தமிழகமெங்கும் வழங்கும் அச்சொல், அன்று ஓர் அரசின் தனித் துறையைக் குறித்து நின்றது.

மொழியோ நெருங்கியது, நெருக்கமே சில வேளை மயக்கம் தந்தது. தாகத்திற்கு 'வெள்ளம்' வேண்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டால், ஆற்றுப் பெருக்கை எண்ணித் திகைப்பான் புதிதாய் வந்தவன். சோற்றுக்கு என்ன வழி? அந்தணச் சிறுவர்க்கு ஊட்டுப்புரைகளில் விலையின்றி உணவு கிடைத்தது. மற்றையோர்க்கு அவ்வாயில் இல்லை. அவர்கள் உறவினர் இல்லத்தையோ ஊர்க்காரர் தயவையோ நம்பினர். அறத்திலும் சாதி வரம்பிட்ட காலம் அது என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

மறைக்கத் தகாதது மற்றொன்றும் உண்டு. வந்தவர் பலர் கற்றனர். கற்றவர் பதவி பெற்றனர். பதவி பெற்றவர் தம்மவரையே நோக்கினர். 1891ஆம் ஆண்டு ஜனவரியில் 10,000 பேருக்கு மேல் கையொப்பமிட்ட 'மலையாளி மெமோரியல்' என்னும் விண்ணப்பம் மன்னருக்கு அளிக்கப்பெற்றது. உயர்ந்த பதவிகளைப் பரதேசிகள் நிறைத்துக்கொண்டனர் என்பதே அதன் முறையீடு. பரதேசிகள் என்று அதில் குறிக்கப்பட்டவருள் தமிழ் அந்தணர் முதன்மையானவர். அதில் கையொப்பமிட்டோருள் ஒருவர் டாக்டர் பல்பு. அவர் இந்நகரின் பேட்டையிலேயே பிறந்து, சென்னையில் மருத்துவம் தேறியவர். ஈழவர் என்பதனால் சொந்த அரசு அவருக்கு வேலை மறுத்தது. மைசூர் அரசு வேலை தந்ததோடு மேற்படிப்பிற்கு இங்கிலாந்துக்கும் அனுப்பியது. பிறந்த மண் அடைத்த கதவை அயல் மண் திறந்தது!

பல்பு கையொப்பமிட்ட அதே 1891இல்தான் பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' வெளிவந்தது. ஆலப்புழையில் தமிழ்க் குடும்பத்தில் தோன்றி, மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் அவர். தமிழுக்கு நாடகம் தந்த அப்பெருமகனார், கல்வெட்டுகளைத் தேடிப் படித்துத் திருவிதாங்கூரின் பண்டை மன்னர் வரலாற்றையும் துலக்கினார். தம் மொழியையும் கைவிடாது, தம்மை ஏற்ற மண்ணையும் அறிந்து போற்றிய அவரே குடியேறி வாழ்வார்க்கு நல்லிலக்கணம் என்போம்.

1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அதுவரை அனந்தையைத் தன் தலைநகராகக் கருதிவந்த நாஞ்சில் நாட்டு மாணவன் ஒரே நாளில் அண்டை மாநிலத்தான் ஆனான். அவன் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. அக்காலத்தில் வடசேரியைச் சேர்ந்த வ. ஐ. சுப்பிரமணியம் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1957இல் டாக்டர் பட்டம் பெற்றார். அயலூரில் அயலானாய் இருந்து கற்ற அவர், அனந்தைக்கே மீண்டு 1963இல் மொழியியல் துறையையும், 1977இல் பன்னாட்டுத் திராவிட மொழியியல் நிறுவனத்தையும் உருவாக்கினார். தாம் பெற்ற கல்வியைப் பின்வருவோர்க்கு வாயிலாக்கினார்.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? பரதேசி என்பது ஒருவனுடைய பிறப்பன்று. அது ஒரு நிலை. இன்று ஒருவனுக்கு, நாளை மற்றொருவனுக்கு. நம் குடியிருப்புகளிலிருந்தும் பிள்ளைகள் இன்று ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் படிக்கச் செல்கின்றனர். அங்கே யாரேனும் ஒருவர் அவர்களை, "உண்டாயா?" என்று கேட்க வேண்டுமென நம் தாய்மார் ஏங்குகின்றனர். அவ்வேக்கம் உண்மையாயின், கடைத்தெருவில் வழி தெரியாது நிற்கும் அயல்நாட்டுப் பிள்ளையை நாமே முதலில் அழைத்தல் வேண்டும். வருகின்ற பொங்கலன்று ஒவ்வோர் இல்லத்திலும் அத்தகைய ஒருவருக்கு இலை விரிப்போமாக. ஊட்டுப்புரையில் அன்று எல்லார்க்கும் திறவாத கதவு நம் வீட்டில் எல்லார்க்கும் திறந்திருக்கட்டும்.