பொது மைதானம்னா யாருக்குப் பொது? (வாஷிங்டன் கோல்ஃப் கதை)

கோல்ஃப்னு சொன்னதும் நம்மாளுங்களுக்கு ஞாபகம் வர்றது மூணே விஷயம். பெரிய பணக்காரங்க, வெள்ளைத் தொப்பி, அப்புறம் பழைய சினிமாவுல வர்ற ஹீரோயினோட அப்பா. (கையில மட்டையை வச்சுக்கிட்டே ஏழை ஹீரோவை மிரட்டுவாரே, அவரேதான்!)

ஆனா அமெரிக்காவுக்கு ஆன்சைட் வர்ற மென்பொருள் கூட்டத்துல என்னை மாதிரி சில பேர் சனி, ஞாயிறுல மட்டையைத் தூக்கிக்கிட்டுப் போறோம்னா அதுக்குக் காரணம் ரொம்ப சிம்பிள். இங்கே ஊருக்கு ஊர் பொது மைதானங்கள் இருக்கு. மெம்பர்ஷிப் வேண்டாம், சிபாரிசு வேண்டாம். கவுண்ட்டர்ல காசைக் கட்டினா உள்ளே போகலாம். முனிசிபல் மைதானம்ங்கிறதைச் சுருக்கி 'முனி' என்பார்கள். நம்ம ஊர் எல்லையில அருவாளோட நிக்கிற முனி இல்லைங்க. ஆனா ஒரு காலத்துல இந்த முனியும் ஒரு கூட்டத்தை எல்லையிலேயே நிறுத்தித்தான் வச்சிருந்தது. அந்தக் கதைதான் இது.

வாஷிங்டன் நகரத்துக்குள்ளேயே இப்படி மூணு பொது மைதானங்கள் உண்டு. நிலம் மத்திய அரசோட பூங்கா நிலம். வேலை நிமித்தமா அந்தப் பக்கம் இருந்த நாட்கள்ல மூணுலயும் ஆடியிருக்கேன். என் ஆட்டத்தைப் பத்திப் பெருசா சொல்லிக்க ஒண்ணுமில்லை, பந்து வாங்கின செலவைப் பத்தி வேணும்னா ஒரு தனிக் கட்டுரை எழுதலாம் :-)

முதலாவது ஈஸ்ட் பொடோமாக். ஆத்துல தூர் வாரின மண்ணைக் கொட்டி உருவாக்கின நிலம். தட்டையா இருக்கும். ஒரு பக்கம் வாஷிங்டன் நினைவுத் தூண் தெரியும், தலைக்கு மேல விமானம் போய்க்கிட்டே இருக்கும். 1920களோட தொடக்கத்துல வால்டர் டிராவிஸ் வடிவமைச்சது. இவர் முப்பது வயசு தாண்டின பிறகுதான் முதல்முறையா மட்டையையே தொட்டார். அப்புறம் மூணு தடவை அமெரிக்க அமெச்சூர் சாம்பியன். (எனக்கெல்லாம் இன்னும் நம்பிக்கை இருக்குன்னு அர்த்தம்.) ரெண்டாவது ராக் கிரீக், 1923ல் திறந்தது. மேடு பள்ளமும் மரமுமா இருக்கும், பந்து காட்டுக்குள்ள போனா போனதுதான். மூணாவது லாங்ஸ்டன். அனகோஸ்டியா ஆத்தோரம் இருக்கு. நான் போன நாட்கள்ல அங்கே வயசான கறுப்பின ஆட்டக்காரர்கள் நிறைய பேர். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஒரே பேச்சு.

பொது மைதானத்துல ஒரு வழக்கம் உண்டு. நீங்க தனியா போனா, வாசல்ல நிக்கிற ஸ்டார்ட்டர் உங்களை யாரோ முன்பின் தெரியாத ரெண்டு மூணு பேரோட சேர்த்து அனுப்பிடுவார். அடுத்த நாலு மணி நேரம் அவங்கதான் உங்க கூட்டாளி. நான் அப்படி ரிட்டயர்டு தபால்காரர், கல்லூரிப் பையன், டாக்சி ஓட்டுறவர்னு எல்லார் கூடவும் ஆடியிருக்கேன். 'பொது'ங்கிற வார்த்தைக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. ஆனா இந்த வழக்கம் எல்லாருக்கும் சொந்தமாகறதுக்குப் பல வருஷம் ஆச்சு.

கொஞ்சம் பின்னாடி போவோம். கறுப்பின மக்கள் கோல்ஃபுக்கு ஏதோ புதுசா வந்தவங்கன்னு நினைச்சுடாதீங்க. 1896ல் நடந்த ரெண்டாவது அமெரிக்க ஓப்பன் போட்டியிலேயே ஜான் ஷிப்பன்னு ஒரு 16 வயசுக் கறுப்பினப் பையன் ஆடினான். அவனோட ஆட மாட்டோம்னு மத்த ஆட்டக்காரங்க சில பேர் முறுக்கிக்கிட்டாங்க. சங்கத் தலைவர் தியோடர் ஹேவ்மேயர் அதுக்கு வளைஞ்சு கொடுக்கலை, யார் வந்தாலும் வராட்டியும் போட்டி நடக்கும்னுட்டார். கடைசிச் சுற்றில் ஒரே ஒரு குழியில 11 அடி அடிச்சுக் கோட்டை விட்டும், பையன் முதல் பத்துப் பேருக்குள்ள வந்தான். அவன் பிறந்த ஊர் எது தெரியுமா? இதே வாஷிங்டன்ல அனகோஸ்டியா பகுதி.

இன்னொண்ணு. பந்தை வச்சு அடிக்க உதவுற குட்டி மரக் குச்சிக்குப் பேரு டீ. (நாயர் கடை டீ இல்லை!) அதுக்கு 1899ல் அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினவர் டாக்டர் ஜார்ஜ் கிராண்ட், பாஸ்டன் நகரப் பல் மருத்துவர், கறுப்பினத்தவர். உலகத்துல எந்த மூலையில கோல்ஃப் ஆடினாலும் பையில அந்தக் குச்சி இருக்கும். ஆனா அவரோட இனத்து ஆட்கள் பல ஊர்கள்ல பொது மைதானத்துக்குள்ள கால் வைக்க முடியாது.

வாஷிங்டனும் அப்படித்தான். பொது மைதானங்கள் நடைமுறையில வெள்ளையருக்கானவை. கறுப்பினத்தவருக்கு வாரத்துல ஏதோ சில மணி நேரம் ஒதுக்குவாங்க, அவ்வளவுதான். அப்புறம் 1924ல் அவங்களுக்குன்னு தனியா ஒரு சின்ன ஒன்பது குழி மைதானம் போட்டுக் கொடுத்தாங்க. எங்கேன்னு கேளுங்க.... லிங்கன் நினைவகத்துக்குப் பக்கத்துல! அடிமை முறையை ஒழிச்ச மனுஷனோட சிலைக்குப் பக்கத்துலேயே 'உனக்குத் தனி, எனக்குத் தனி'. அந்த நினைவகத்தை 1922ல் திறந்த விழாவுலேயே கறுப்பினத்தவருக்குத் தனி இருக்கை போட்டவங்கதானே, இதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு.

இப்ப கதையோட முக்கியமான ஆளுங்க வர்றாங்க. 1937ல் ஹெலன் வெப் ஹாரிஸ்ங்கிற ஆசிரியை வீட்டுல 13 கறுப்பினப் பெண்கள் கூடினாங்க. ஆம்பளைங்களுக்கு ராயல் கோல்ஃப் கிளப்னு ஒண்ணு ஏற்கெனவே இருந்தது. வாரக் கடைசியானா வீட்டுக்காரர் மட்டையைத் தூக்கிக்கிட்டுப் போயிடுறார், நாம ஏன் சும்மா உட்கார்ந்திருக்கணும்னு இவங்களும் ஒரு கிளப் ஆரம்பிச்சாங்க. பேரு வேக்-ராபின், ஒரு காட்டுப் பூவோட பேர். அமெரிக்காவுல கறுப்பினப் பெண்கள் நடத்தின கோல்ஃப் கிளப்கள்ல இதுதான் மூத்தது.

சங்கம் வச்சாச்சு, ஆட இடம்? அடுத்த வருஷமே, 1938ல், இன்டீரியர் துறை அமைச்சர் ஹெரால்டு இக்கிஸுக்கு மனு எழுதினாங்க. (நம்ம ஊர் உள்துறை மாதிரி போலீஸ் சமாச்சாரம் இல்லை. அங்கே இது காடு, நிலம், பூங்காவைப் பார்த்துக்கிற துறை.) நகரத்துப் பொது மைதானங்களை எல்லாருக்கும் திறந்து விடுங்கன்னு கேட்டாங்க. இக்கிஸ் ஒண்ணும் மோசமான ஆள் இல்லை. பாடகி மரியன் ஆண்டர்சனுக்குத் தனியார் அரங்கம் ஒண்ணு இடம் தர மறுத்தப்போ, 1939 ஏப்ரல்ல லிங்கன் நினைவகத்துப் படிக்கட்டுலேயே அவங்க கச்சேரி நடக்க ஏற்பாடு செஞ்சவர் இவர்தான்.

ஆனா கோல்ஃப் விஷயத்துல கேட்டது ஒண்ணு, கிடைச்சது ஒண்ணு. 1939 ஜூன்ல கிடைச்சது லாங்ஸ்டன். ஒன்பதே குழி, முன்னாடி குப்பை கொட்டின இடம். வர்ஜீனியாவிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் கறுப்பினத்தவர் ஜான் மெர்சர் லாங்ஸ்டனோட பேரை வச்சாங்க. பேரு பெரிய பேருதான், ஆனா இதுவும் தனி மைதானம்தானே. இருக்கிற கூட்டத்துக்கு ஒன்பது குழி எந்த மூலைக்கு?

1941 ஜூன் 29. ராயல் கிளப்பைச் சேர்ந்த ஏசா வில்லியம்ஸ், ஜார்ஜ் வில்லியம்ஸ், சிசில் ஷாம்வெல் மூணு பேரும் நேரா ஈஸ்ட் பொடோமாக் கவுண்ட்டருக்குப் போய் காசைக் கட்டினாங்க. பூங்கா போலீஸ் காவலோடதான் ஆட வேண்டியிருந்தது. கூட்டம் கூடி ஏசியது, கல் எறிஞ்சது. ஒரு குழியில பந்தைப் போடறதுக்கு எவ்வளவு மன அமைதி வேணும்னு ஆடிப் பார்த்தவங்களுக்குத் தெரியும். பின்னாடி யாராவது இருமினாலே எனக்குக் கை நடுங்கும். அவங்க கல்லுக்கு நடுவுல ஆடியிருக்காங்க.

விஷயம் இக்கிஸ் மேஜைக்குப் போச்சு. இந்தத் தடவை அவர் மழுப்பலை. அவங்களும் வரி கட்டுற குடிமக்கள், பொது மைதானத்துல ஆடுறதைத் தடுக்க முடியாதுன்னு சொல்லிட்டார். அதோட ஏச்சும் கல்லும் நின்னுடுச்சான்னா, இல்லை. வேக்-ராபின் பெண்களும் அதுக்கப்புறம் அதைச் சந்திச்சவங்கதான். ஆனாலும் திரும்பத் திரும்பப் போனாங்க. காகிதத்துல திறந்த கதவை அப்படிப் போய்ப் போய்த்தான் நிஜத்துல திறந்தாங்க.

இது தலைநகரத்து மத்திய அரசு நிலத்தோட கதை. மத்த ஊர் முனிசிபல் மைதானங்களுக்கு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. அட்லாண்டாவுல ஆல்ஃபிரட் ஹோம்ஸ்னு ஒரு அமெச்சூர். 1951ல் அவரையும் அவர் குடும்பத்தினரையும் பாபி ஜோன்ஸ் பேர்ல இருந்த நகர மைதானம் திருப்பி அனுப்பியது. வழக்குப் போட்டாங்க. கீழ்க் கோர்ட், தனியா நேரம் ஒதுக்கினா போதும்ங்கிற ரீதியில தீர்ப்பு சொன்னது. ஹோம்ஸ் குடும்பம் விடலை. 1955 நவம்பர் 7ல் உச்ச நீதிமன்றம் இவங்க பக்கம் நின்னது. அந்த வருஷம் டிசம்பர் 24ல் நகர மைதானம் ஒண்ணுல ஹோம்ஸ் ஆடினார். (அவரோட மகன் ஹாமில்டன் ஹோம்ஸ் 1961ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்குள்ள நுழைஞ்ச முதல் ரெண்டு கறுப்பின மாணவர்கள்ல ஒருத்தர். புலிக்குப் பிறந்தது!)

இப்ப ஒரு கணக்கு பாருங்க. தொழில்முறை கோல்ஃப் சங்கமான பிஜிஏ 1934ல் 'வெள்ளையர் மட்டும்'னு தன் விதியிலேயே எழுதி வச்சது. அதை எடுத்தது 1961ல். மாஸ்டர்ஸ் போட்டியில முதல் கறுப்பினத்தவர் லீ எல்டர் ஆடினது 1975ல். அதாவது பரிசுப் பணத்துக்காக ஆடுற உலகம் திறக்கிறதுக்குப் பல வருஷம் முன்னாடியே, ஞாயித்துக்கிழமை ஆட்டக்காரங்க பொது மைதானத்தைத் திறக்க வச்சுட்டாங்க. டீச்சர், அவங்க வீட்டுக்காரர், அக்கம்பக்கத்து ஆளுங்க. இவங்க யாரும் சாம்பியன் ஆகணும்னு கேட்கலை. வரி கட்டுற ஊர்ல ஒரு ரவுண்டு ஆடணும்னு மட்டும்தான் கேட்டாங்க. வரலாறு எழுதுறவங்க பெரும்பாலும் கோப்பை வாங்கினவங்க பக்கம்தான் போவாங்க. எனக்கென்னமோ அந்த மனு எழுதின 13 பேர்தான் பெரிய ஆட்டக்காரங்களா தெரியறாங்க.

லாங்ஸ்டன் 1955ல் 18 குழி ஆச்சு. 1978ல் அதை நடத்துற பொறுப்பை எடுத்துக்கிட்டது வேற யாருமில்லை, அதே லீ எல்டர். 1991ல் அமெரிக்க அரசோட வரலாற்று இடங்கள் பட்டியல்ல சேர்ந்தது. ஒதுக்கி வைக்கறதுக்காகக் கொடுத்த குப்பை மேடு, பாதுகாக்க வேண்டிய இடமா ஆயிடுச்சு.

வாஷிங்டன் போறவங்க எல்லாரும் லிங்கன் சிலை முன்னாடி நின்னு படம் எடுத்துக்குவீங்க, தெரியும். எடுத்துட்டு அந்தப் புல்வெளியையும் ஒரு தடவை சுத்திப் பாருங்க. அங்கே ஒரு காலத்துல ஒன்பது குழி இருந்தது.

டிஸ்கி: என் ஸ்கோர் என்னன்னு யாரும் கேட்கக் கூடாது. அது ராணுவ ரகசியம் :-)