ஒரு சிற்றினத்தின் வரலாற்றாசிரியர்

வரலாறு என்றவுடன் நம் நெஞ்சில் தோன்றுவன பேரரசுகளும் போர்க்களங்களும், கல்வெட்டுகளும் செப்பேடுகளுமே. ஆயின், நாடாளாத, போர் தொடுக்காத, கல்லில் தன் பெயரைப் பொறித்துக் கொள்ளாத ஒரு சிறு கூட்டத்தார்க்கும் வரலாறு உண்டு. அதனை எழுதி வைக்க அரசவைப் புலவர் எவரும் வாரார். அக்கூட்டத்தாருள் ஒருவரே முன்வந்து எழுதினாலன்றி, அது முதியோரின் மூச்சோடு மறைந்துபோகும். இவ்வுண்மைக்கு நாம் குடியேறி வாழும் மும்பை மாநகரிலேயே சான்றொன்று உளது.

புறநகர் மின்தொடரில் நாள்தோறும் செல்லும் நம்மவர் ‘மஸ்ஜித்’ என்னும் நிலையத்தை நன்கறிவர். முசுலிம் பெருமக்களின் பள்ளிவாசலால் வந்த பெயர் அது என்றே பலரும் கருதுவர். அப்பகுதியில் 1796ஆம் ஆண்டில் எழுந்த யூதர் தொழுகைக் கூடத்தினால் அப்பெயர் வந்தது என்று கூறுவர். ஆங்கிலக் கும்பினியின் படையில் பணிபுரிந்த சாமுவேல் எசேக்கியல் திவேகர் என்பார் அதனைக் கட்டுவித்தார். அவர் பிறந்த இனத்தார் ‘பெனே இஸ்ரேல்’ எனப்படுவர்.

இவர்தம் முன்னோர் வந்த கலம் கொங்கணக் கரையில் உடைந்தது என்பதும், ஆடவர் எழுவரும் பெண்டிர் எழுவருமே உயிர் தப்பினர் என்பதும், மாண்டோரை நவ்காவ் என்னும் சிற்றூரில் அடக்கம் செய்தனர் என்பதும் இவர்களிடையே வழிவழி வந்த செய்திகள். கரையோரச் சிற்றூர்களில் பரவி வாழ்ந்த இவர்கள் மராத்தி பேசினர். செக்காட்டி எண்ணெய் விற்றனர். சனிக்கிழமைதோறும் செக்கை நிறுத்தி ஓய்ந்திருந்தமையால், ஊரார் இவர்களைச் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை வாணியர் என்றழைத்தனர். மறைநூல்களை இழந்தபோதும், ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் உணவு விலக்குகளையும் ஒரு சிறு வழிபாட்டு வாசகத்தையும் இவர்கள் இழக்கவில்லை. பண்டிகைகளின் எபிரேயப் பெயர்கள் மறந்து, ‘கதவடைக்கும் பண்டிகை’, ‘பாயசப் பண்டிகை’ என்று பொருள்படும் மராத்திப் பெயர்கள் வழங்கலாயின. எலியா தீர்க்கதரிசியை நினைந்து அவலும் தேங்காயும் சர்க்கரையும் பழமும் படைக்கும் ‘மலிதா’ என்னும் சடங்கும் இவர்களிடம் உண்டு.

இவ்வினத்தின் வரலாற்றை எழுதியவர் ஹயீம் சாமுவேல் கேஹிம்கர். இவ்வினத்தார் தம் ஊர்ப்பெயருடன் ‘கர்’ என்னும் விகுதி சேர்த்துக் குடிப்பெயராகக் கொள்வர். அவ்வகையில் இவர் பெயர் அலிபாகை அடுத்த கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரைச் சுட்டுவது. தம் இனத்துச் சிறார்க்கென 1875ஆம் ஆண்டில் மும்பையில் ஒரு பள்ளி நிறுவ முன்னின்றவரும் இவரே. அதுவே பின்னாளில் மசகானில் சர் எல்லி கதூரி பள்ளி எனப் பெயர் பெற்றது.

கேஹிம்கர் காலத்தில் காலம் விரைந்து மாறிக்கொண்டிருந்தது. இவ்வினத்தார் செக்கை விட்டுப் படையிலும் அலுவலகங்களிலும் பணியேற்றனர். சிற்றூர் வழக்கங்கள் நகரத்தில் தேய்ந்தன. அதனினும் கொடியதொன்றும் நிகழ்ந்தது. பாக்தாதிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள், இவர்களைத் தமக்கு நிகரான யூதராகக் கொள்ளத் தயங்கினர். இருசாராருக்கும் பொதுவாயிருந்த இடுகாட்டில் இடைச்சுவர் எழுப்ப வேண்டுமென்று 1836ஆம் ஆண்டில் அரசுக்கு விண்ணப்பித்தனர். ‘நீவிர் யாவிர்?’ என்று பிறர் வினவும்போது விடை கூறவேனும் ஓர் இனத்தார்க்கு எழுதப்பட்ட வரலாறு வேண்டும்.

கேஹிம்கர் தம் இனத்தாரின் தோற்றம், வழக்கங்கள், சடங்குகள் ஆகியவற்றைத் தொகுத்து 1897ஆம் ஆண்டில் நூலாக்கினார். ஆயினும் அது உடனே அச்சேறவில்லை. ஆசிரியர் மறைந்து பல்லாண்டு கழிந்த பின்னரே, இம்மானுவேல் ஓல்ஸ்வாங்கர் என்னும் அறிஞரின் பதிப்பாக 1937இல் டெல் அவிவ் நகரில் வெளியாயிற்று. நாற்பதாண்டு கையெழுத்துப் படியாகவே அது காத்திருந்தது.

அந்நூல் கூறுவன அனைத்தும் ஐயத்திற்கு அப்பாற்பட்டவை அல்ல. கி.மு. 175ஆம் ஆண்டளவில் தம் முன்னோர் வந்தனர் என்பது அவர் கருத்து. அதனை உறுதிசெய்யும் கல்வெட்டு எதுவும் இல்லை. 2016இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, இவர்களிடம் யூத மரபும் இந்திய மரபும் கலந்துள்ளன என்று காட்டிற்று. எனினும் வந்த ஆண்டைச் சொல்ல அதனாலும் இயலவில்லை. ஊகத்தைப் பின்வருவோர் திருத்தலாம். ஆனால், தம் கண்ணால் கண்டும் முதியோர் வாயால் கேட்டும் அவர் குறித்து வைத்த வழக்கங்களை, அவர் எழுதாதிருந்தால் வேறு எவர் எழுதியிருப்பார்?

இந்திய விடுதலையின்போது ஏறத்தாழ இருபதாயிரவராய் இருந்த இவ்வினத்தாருள் பெரும்பாலோர் பின்னர் இஸ்ரேல் நாட்டில் குடியேறினர். ஆங்கும் பழைய வினாவே எதிர்ப்பட்டது. திருமணத்தின்போது இவர்தம் பூர்வீகத்தை ஆராய வேண்டுமென்று 1962இல் அந்நாட்டுத் தலைமைச் சமய பீடம் விதித்தது. இவர்கள் போராடினர், 1964இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தலையிட்டது, அவ்விதி கைவிடப்பட்டது. இன்று இந்தியாவில் எஞ்சியோர் சில ஆயிரவரே. செக்கு நின்றது, சிற்றூர்களிலிருந்து குடிகள் பெயர்ந்தன. நூல் நிற்கிறது.

மும்பைத் தமிழராகிய நாம் இதனின்று கற்க வேண்டியது ஒன்றுண்டு. மாதுங்காவிலும் தாராவியிலும் நம் முன்னோர் எவ்வூரினின்று, எவ்வாண்டில், எத்தொழில் நாடி வந்தனர்? முதற் கோயிலை யார் எழுப்பினர்? முதல் தமிழ் வகுப்பு எந்தத் திண்ணையில் நடந்தது? இவற்றை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். நாளும் குறைந்தும் வருகின்றனர். அலுவலகக் கோப்புக்கு எண்ணும் நாளும் இடத் தவறாத நாம், நம் பாட்டனார் இந்நகரில் வந்திறங்கிய ஆண்டை எங்கும் குறித்து வைத்தோமல்லோம்.

இப்பணிக்குப் பட்டமும் வேண்டா. பதிப்பாளரும் உடனே வேண்டா. ஒரு குறிப்பேடும், கேட்கும் பொறுமையும், கேட்டதைக் கேட்டவாறே எழுதும் நேர்மையும் போதும். ஒவ்வொரு குடும்பமும் இவ்வாண்டு தன் மூத்தோர் ஒருவரிடம் அமர்ந்து, ஊர், ஆண்டு, தொழில், உடன் வந்தோர் ஆகியவற்றைக் கேட்டெழுதிச் சங்கத்தில் சேர்ப்பிக்குமாக. அச்சேற நாற்பதாண்டு ஆயினும் ஆகுக. எழுதியது காத்திருக்கும், எழுதாதது காத்திராது.