ஐஎஸ்ஓ 8601

நாளையும் நேரத்தையும் எண்களால் எழுதுவதற்கான பன்னாட்டுத் தர முறை. ஜெனீவாவில் தலைமையகம் கொண்ட பன்னாட்டுத் தர அமைப்பு (ஐஎஸ்ஓ) இதை 1988-இல் வெளியிட்டது. 2019-இல் இரு பகுதிகளாகத் திருத்தி அமைத்தது.

கிரெகோரியன் நாட்காட்டியைப் பின்பற்றும் இம்முறையில் நான்கு இலக்க ஆண்டு, இரண்டு இலக்க மாதம், இரண்டு இலக்க நாள் என்ற வரிசை மாறாது. 2025 ஏப்ரல் 3 என்பது 2025-04-03 ஆகும். சிறுகோடின்றி 20250403 என்றும் எழுதலாம். 03/04/2025 என்பதை இந்தியர் ஏப்ரல் 3 என்றும் அமெரிக்கர் மார்ச் 4 என்றும் படிப்பர். இக்குழப்பம் இங்கே எழுவதில்லை. நேரம் 24 மணிக் கணக்கில் எழுதப்படும். இந்திய நேரத்துக்கு உரிய குறி +05:30. வாரம் திங்கட்கிழமை தொடங்கும். ஜனவரி 4 அடங்கிய வாரமே ஆண்டின் முதல் வாரம்.

அன்றாடப் பயன்பாடு: ரசீது, மருத்துவ அறிக்கை, ஒளிப்படம் ஆகியவற்றின் கோப்புப் பெயர்களை இவ்வடிவத்தில் தொடங்கினால், கணினியின் பெயர்வரிசையே காலவரிசையாக அமையும். ஓரிலக்க எண்ணுக்கு முன் சுழியம் இடுவது கட்டாயம். அது விடுபட்டால் அக்டோபர் மாதக் கோப்பு பிப்ரவரிக்கு முன்னால் வந்துவிடும். ஆகவே, பதிவேடு முழுவதும் ஒரே வடிவத்தைக் கையாள்வதே இம்முறையின் பயனை உறுதி செய்யும்.