'கிரெடிட்': ஒரு சொல், இரு பொருள்

1998இல் கிசான் கிரெடிட் கார்டு அறிமுகமானபோது, இந்திய உழவருக்குக் 'கிரெடிட்' என்பது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். 2009இல் அரியானாவின் சிர்சா மாவட்டத்தில், நகரும் மணல்மேடுகளால் பாழ்பட்ட தம் நிலங்களில் உழவர்கள் மரம் வளர்க்கும் திட்டம் கியோட்டோ நெறிமுறையின்கீழ்ப் பதிவாயிற்று. அதே சொல் இப்போது உழவர் விற்கக்கூடிய சரக்கையும் குறித்தது.

ஆனால் மரம் எரியலாம், வெட்டப்படலாம் என்பதால், காடு வளர்ப்புக்குக் காலாவதியாகும் தற்காலிகக் கிரெடிட்டுகளே வழங்கப்பட்டன. ஐரோப்பிய உமிழ்வு வணிகச் சந்தை அவற்றை ஏற்கவில்லை. நிலமோ பல்லாண்டுகள் மரத்துக்குக் கட்டுப்பட்டது.

இன்று மண்ணில் கரிமம் சேர்க்கும் ஒப்பந்தத்தை நீட்டும்போது, 'விலை போகாவிட்டால் இழப்பு யாருக்கு?' என்கிறார் உழவர். அதை 'விழிப்புணர்வுக் குறைவு' என்று வகைப்படுத்துமுன், ஆய்வாளர்களாகிய நாம் சிர்சாவை நினைவுகொள்ள வேண்டும்.