நம் வீட்டு நிலைவாசலுக்கு ஒரு வரலாறு உண்டு

திருமுல்லைவாயிலில் நம் மக்கள் வாழும் தெருக்களில் இப்போது பழைய நிலையைப் பெயர்த்துப் புது நிலை வைக்கிறார்கள். மரம் காயக் காயச் சுருங்கும், பூச்சு அதோடு ஒட்டி நிற்காது. அந்த இடைவெளியை மறைக்கக் கதவைச் சுற்றியும் சன்னலைச் சுற்றியும் பீடிங் அடிக்கிறார்கள், மூலையை 45 டிகிரியில் அறுத்துச் சேர்த்து. "தொகுப்பு வீட்டுக்கு இந்த ஆடம்பரம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வரலாறு தெரியாது, அல்லது நன்றாகவே தெரியும்.

யார் வாசலில் எந்த மரம் நிற்கலாம் என்பது எப்போதும் அதிகாரத்தின் கணக்குத்தான். நம் ஊர் மாசிலாமணீசுவரர் கோயிலில் நிற்கும் இரண்டு வெள்ளெருக்கந்தூண்களைப் பாருங்கள். தொண்டைமான் குறும்பரை வென்று புழல் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை என்கிறது தலபுராணம். தோற்றவன் வீட்டுத் தூண் வென்றவனின் சாமிக்குப் போய்விட்டது!

கரூர் பசுபதீசுவரர் கோயிலில் ஒரு பழைய கல்வெட்டு. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு அரசன் கண்மாளருக்கு இடும் ஆணை அது. நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். கண்மாளரில் தச்சரும் உண்டு. ஊருக்கெல்லாம் கதவு செய்தவர் தன் சுவரைப் பூச அரசன் வாய் திறக்க வேண்டியிருந்தது. அந்த ஆணையும் கண்மாளருக்கு மட்டும்தான். சேரிக்கு அதில் இடமில்லை. சாந்தே இல்லாத மண்சுவரில் பீடிங் எங்கே அடிப்பது?

25 டிசம்பர் 1968, கீழ்வெண்மணி. உயிருக்குப் பயந்து ஒரு சின்னக் குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேரை, வெளியே கதவை அடைத்துக் கொளுத்தினார்கள். கூலி உயர்வு கேட்ட மக்கள் அவர்கள். 1974இல் தாட்கோ தொடங்கியபோது அதன் முதல் வேலை, ஆதிதிராவிடருக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டுவது. 'தீப்பிடிக்காத' என்ற சொல்லை வேறு யார் வீட்டுக்காவது அரசு பயன்படுத்த வேண்டியிருந்ததா?

தளம் போட்ட வீடு வந்த பிறகும் கோபம் தணியவில்லை. 31 ஆகஸ்ட் 1995இல் கொடியங்குளத்துக்குள் புகுந்த போலீஸ், வளைகுடாப் பணத்தில் வாங்கிய மின்விசிறி, தொலைக்காட்சி, தையல் இயந்திரம் எல்லாவற்றையும் நொறுக்கியது. பட்டச் சான்றிதழ்கள்கூட எரிந்தன. 7 நவம்பர் 2012இல் தருமபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. வெளியூர் போய் உழைத்த காசில் கட்டியவை அவற்றில் பல.

களப்பணிக்குப் போகும் மாணவத் தோழர்களுக்கு ஒன்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தரை, சுவர், கூரை எதனால் ஆனது என்று கேட்கிறது. கதவைப் பற்றிக் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். இந்த வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் போட்ட முதல் கதவு எந்த வருடம் வந்தது, யார் கூலியில் வந்தது, அன்றைக்கு ஊர்க்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று வீட்டுப் பாட்டியிடம் கேட்டு எழுதி வாருங்கள்.