லயத்து வீட்டில் பெற்றோரும் பிள்ளையும்

இல்லத்தில் பிள்ளைக்கு எல்லை வகுப்பது பெற்றோரின் உரிமை என்பர். அவ்வுரிமை நடைபெற வேண்டுமாயின், பெற்றோருக்கென்று ஓர் இல்லமும், அவர்களுக்கென்று சிறிது பொழுதும் இருத்தல் வேண்டும். பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு நெடுங்காலம் இவ்விரண்டும் வாய்த்தில. இரண்டும் தோட்டத்தின் உடைமையாகவே இருந்தன.

ஊவாவில் முதலில் கோப்பி பயிராயிற்று. 1869இல் தோன்றிய இலைநோய் அதனை அழித்தபின் தேயிலை வந்தது. பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹப்புத்தளை மலைச்சரிவுகளில் லயங்கள் எழுந்தன. குடும்பமொன்றுக்குப் பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடிக் காம்பரா ஒன்று. அதன் முன்னே இஸ்தோப்பு. உறக்கமும் நோயும் பேறும் அதற்குள்ளேயே. பருவமடைந்த மகளுக்குக் கயிற்றில் தொங்கிய சேலையே சுவர். வளர்ந்த மகனுக்கு இஸ்தோப்பே படுக்கையறை. மறைவு என்பது இடத்தினால் கிடைத்ததன்று. ஒருவரையொருவர் பாராதிருக்கும் நாகரிகத்தினால் உண்டாக்கிக் கொண்டதாகும்.

பொழுதின் கதையும் இதுவே. விடியுமுன் தப்பொலி எழுப்பும். தாய் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு விரைவாள். எப்போது எழுவது, எப்போது உண்பது என்பதைத் தோட்டம் விதித்தது. கங்காணி அதட்ட, தலைகுனிந்து நிற்கும் தந்தையைப் பிள்ளை கண்டது. மலையில் வாங்கிய ஏச்சு மாலையில் பிள்ளையின் முதுகில் இறங்கியதும் உண்டு. அதனை மறைத்துச் சொல்வது வரலாறாகாது. ஆயினும் அதே வீட்டில், பாட்டன் பெயரைப் பேரனுக்கு இட்டு, அப்பெயரைச் சொல்லி அதட்டக் கூசி, ‘ஐயா’ என்றழைக்கும் பழைய தமிழ் வழக்கமும் வாழ்ந்தது.

1927ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க வழிசெய்தது. அதன்படி 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்றாயிற்று. தந்தையின் கூலியிற் பாதிக்கு மேல் ஈட்டும் பிள்ளை அது! வீட்டு அரிசிக்குப் பங்கு தரும் பிள்ளையிடம், ‘மலைக்குப் போகாதே, புத்தகத்தை எடு’ என்று சொல்லத் தந்தைக்கு வாய் எப்படி வரும்?

1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கு நிர்வாகத்தைப் பொறுப்பாக்கியிருந்தது. எனினும் 1945இல் நாட்டில் தொடங்கிய இலவசக் கல்வியின் பயன் தோட்டங்களை எளிதில் எட்டவில்லை. 1970களிலேயே தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வரலாயின. பிள்ளை செக்ரோலை விட்டுப் பாடசாலை இடாப்புக்கு மாறியபோது வீட்டிலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. பிள்ளை விளக்குக் கேட்டது. புத்தகம் வைக்க ஒரு மூலை கேட்டது. படிக்கும் வேளையில் இரைச்சல் வேண்டாமென்றது. இதுகாறும் தோட்டம் வகுத்த எல்லைகளுக்குள் இருந்த வீட்டில், பெற்றோரும் பிள்ளையும் ஒருவரையொருவர் கேட்டு எல்லை வகுத்துக்கொள்ள நேர்ந்தது. எழுத்தறியாத் தாய் அம்மூலையில் விறகு அடுக்காதிருந்தாளாயின், அதனைச் சிறிய மரியாதை என்று எண்ணலாகாது.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களைப் புதைத்தது. அதன்பின் லயங்களுக்கு மாற்றாகத் தனிவீடு என்னும் கோரிக்கை வலுப்பெற்றது. இந்திய உதவியோடு மலையகத்தில் எழுந்த வீடுகள் 7 பேர்ச் நிலத்தில் 550 சதுர அடி கொண்டவை. அவற்றில் படுக்கையறைகள் இரண்டு. ஊவாவின் பல குடும்பங்கள் இன்றும் லயத்திலேயே இருக்கின்றன. அங்கே சேலைத் திரை இன்னும் தொங்குகிறது.