லட்சுமி வெடியும் நீச்சலுடையும்: அச்சுப்படத் தெய்வங்களின் பொருள் குறித்து

2011 மே மாதம் சிட்னி நகரில் நடைபெற்ற ஆடையலங்காரக் காட்சியொன்றில், திருமகளின் உருவம் அச்சிடப்பட்ட நீச்சலுடையை அணிந்து ஒரு பெண் மேடையில் நடந்தார். இந்தியாவிலும் புலம்பெயர்ந்த இந்துக்களிடையேயும் கண்டனம் எழுந்தது. ஆடையைத் தயாரித்த ஆஸ்திரேலிய நிறுவனம் மன்னிப்புக் கோரி உற்பத்தியை நிறுத்தியது. இத்தகைய பூசலுக்கு அது முதல் நிகழ்வன்று. 2003இல் அமெரிக்காவில் பிள்ளையார் படமிட்ட செருப்புகளும், 2004இல் இலண்டன் ஹாரட்ஸ் அங்காடியில் தெய்வ உருவங்கள் பதித்த நீச்சலுடைகளும் எதிர்ப்புக்குப்பின் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டன. இப்போராட்டங்களில் நம்மவர் முன்வைக்கும் வாதம் பெரும்பாலும் ஒன்றே: தெய்வத்தின் உருவம் புனிதமானது, அது விற்பனைப் பொருளின்மீது இடம்பெறலாகாது.

இவ்வாதத்தின் முற்பகுதியைப் பற்றி எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. பிற்பகுதி வரலாற்றோடு பொருந்தவில்லை என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். பொருந்தாத வாதத்தைக் கொண்டு நியாயமான மனவருத்தத்தை விளக்க முற்படுவதால், நாம் வாழும் நாடுகளில் நம் பிள்ளைகளுக்கே அவ்வருத்தம் புரியாமற் போகிறது என்பது என் கவலை.

முதலில் சிட்னி மேடையில் தோன்றியது போன்ற படத்தின் வயதைக் கருதுவோம். தாமரைமீது நிற்கும் நான்கு கைத் திருமகள், அருகே யானை, பின்னே நீர்நிலை, உடலை மூடிய சேலை, வெளிர்ந்த மேனி ஆகிய கூறுகளைக் கொண்ட உருவத்தை இந்தியா முழுவதும் பரப்பியவர் கிளிமானூரில் 1848இல் பிறந்த இராசா இரவிவர்மா. 1894இல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகம், செருமானிய வல்லுநர்களின் துணையோடு, எண்ணெய் ஓவியத்தின் சாயல் தோன்றும் வண்ணக் கல்லச்சுப் படங்களை வெளியிட்டது. கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்டவர் வீட்டுச் சுவரிலும் தெய்வம் வந்து அமர்ந்ததற்கு அந்த மலிவான தாள் ஒரு காரணமாயிற்று. அதற்கு முன்னைய திருமகளைக் காண விரும்புவோர் மாமல்லபுரம் வராக மண்டபத்துக்குச் செல்லலாம். அங்கே ஏழாம் நூற்றாண்டுக் கசலட்சுமி யானைகள் நீராட்ட அமர்ந்திருக்கிறாள்; சேலையும் இல்லை, இரவிக்கையும் இல்லை. சோழர் காலச் செப்புத்திருமேனிகளில் திருமகளைப் பூமகளிடமிருந்து பிரித்தறிய உதவும் அடையாளங்களுள் ஒன்று மார்பில் கட்டிய கச்சு. ஏனைய மேலுடல் அணிகலன்களால் மட்டுமே அழகுபெறுகிறது. ஆகவே, நீச்சலுடையில் கண்ட உருவத்தின் அடக்கமான தோற்றம் தொன்மையானதன்று. அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அக்காலத்து நாகரிக உணர்வுக்கேற்ப உடுத்தப்பட்டது. உரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட தம் நூலில், வரலாற்றில் செய்யப்பட்ட ஒன்றை இயற்கையாகவே இருந்துவருவதுபோற் காட்டுவதே புராணத்தின் வேலை என்று வாதிட்டார். பிரெஞ்சு விளம்பரங்களையும் இதழ் அட்டைகளையும் மனத்திற்கொண்டு அவர் கூறியது நம் பூசையறைக்கும் பொருந்துகிறது.

அடுத்து, விற்பனைப் பொருள். அச்சுப்படத் தெய்வம் வணிகத்தோடு பின்னரே கலந்தது என்று கருதுவது தவறு. அது வணிகத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. மான்செஸ்டரிலிருந்து வந்த மில்துணிக் கட்டுகளில் ஒட்டப்பட்ட வண்ணச் சீட்டுகளில் கண்ணனும் திருமகளும் கலைமகளும் இருந்தனர். எழுத்தறியாதவரும் துணியின் வகையை அடையாளம் காண்பதற்காகவே அவை ஒட்டப்பட்டன. தெய்வம் துணியோடு வந்ததன் வரலாறு நீச்சலுடைக்கு நூறாண்டுக்கு மேல் முற்பட்டது என்பதை இங்கே குறித்துவைக்கலாம்.

தமிழகத்தில் இவ்வரலாற்றின் நடுவிடம் சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, அடுத்த ஆண்டு ஆலை தொடங்கினர். தீப்பெட்டிக்குச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் ஆண்டு முழுவதும் ஓட நாட்காட்டி வேண்டும். தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் இவ்வாறு ஒரே ஊரில் பின்னிப் பிணைந்தன. நாட்காட்டிக்கு வேண்டிய தெய்வங்களை அருகிலிருந்த கோவில்பட்டி அளித்தது. அங்கு வாழ்ந்த சி. கொண்டையராஜுவும் (1898-1976) அவருடைய மாணவர்களும் தீட்டிய முருகனும் மீனாட்சியும் எண்ணற்ற வீடுகளை அடைந்தனர். சென்னை ஓவியப்பள்ளியில் பயின்ற கொண்டையராஜு நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதியவர். அவர் படங்களில் தெய்வம் மேடையின் நடுவே ஒளிபட நின்று நம்மை நேர்நோக்குவதற்கு அந்த நாடகப் பயிற்சியே காரணம் என்று கருத இடமுண்டு. இவ்வோவிய மரபை இசுடீவன் இங்கிலிசு கோவில்பட்டியிலேயே ஆராய்ந்தார். காஜரி ஜெயின் அதன் சந்தைப் பொருளியலை விளக்கினார். தமிழில் இம்மரபுக்கு உரிய விரிவான வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது.

அதே சிவகாசியிலிருந்து வருவதுதான் லட்சுமி வெடி. திருமகளின் படத்தை உறையாகச் சுற்றிய அவ்வெடி, கடைப் பட்டியல்களில் அங்குலக் கணக்கில் விற்கப்படுகிறது. தீபாவளி விடியலில், எண்ணெய் தேய்த்துக் குளித்துத் திருமகளை வணங்கிய அதே கை அதன் திரியில் நெருப்பு வைக்கிறது. படம் சிதறித் தெருவில் விழுகிறது, குப்பையாகக் கூட்டப்படுகிறது. இதையும் நிறுத்த வேண்டுமென்று இந்து அமைப்புகள் சில அண்மைக் காலத்தில் கோரியுள்ளன. ஆனால் தலைமுறை தலைமுறையாக அதை வெடித்த பக்தர்கள் தாங்கள் தெய்வத்தை அவமதிப்பதாக எண்ணவில்லை. அவர்களை அறியாதவர் என்று ஒதுக்குவது எளிது. அவர்கள் எவ்விதியின்படி நடந்தனர் என்று வினவுவதே ஆய்வாளருக்கு அழகு.

என் கருத்தில் இரண்டு விதிகள் இங்கே செயற்படுகின்றன. ஒன்று காலம் பற்றியது. நம் வழக்கில் உருவத்தின் புனிதம் பலவேளைகளில் ஒரு கால எல்லைக்கு உட்பட்டது. மஞ்சளில் பிடித்த பிள்ளையார் பூசை முடிந்ததும் கரைக்கப்படுகிறார். களிமண் பிள்ளையார் நீர்நிலைக்குச் செல்கிறார். காலையில் இட்ட கோலம் மாலைக்குள் காலடிகளில் கலைகிறது. அதனால் கோலமிட்டவள் வருந்துவதில்லை. லட்சுமி வெடியின் படமும் தன் பணி முடிந்து தீயில் அழியும் உருவங்களின் வரிசையைச் சேர்ந்ததாகவே பயன்பட்டது.

மற்றொன்று இடம் பற்றியது. நீச்சலுடைப் பூசலுக்கு இதுவே திறவுகோல். திருமகளை உடலில் அணிவது நமக்குப் புதிதன்று. காசுமாலையின் ஒவ்வொரு காசிலும் அவள் இருக்கிறாள். மணமகளின் ஒட்டியாணத்தில் நடுப்பதக்கமாக வயிற்றின்மீதே அமர்ந்திருக்கிறாள். ஆனால் ஒட்டியாணத்தோடு அவளுடைய எல்லை முடிகிறது. பொன் திருமகளின் வடிவம் என்பதால் இடுப்புக்குக் கீழே பொன் அணிவதில்லை. கொலுசும் மெட்டியும் வெள்ளியில் செய்யப்படுகின்றன. பாட்டி பேத்திக்குச் சொல்லித்தரும் இவ்வழக்கு, உடலையே தெய்வத்துக்கு உரிய மேலிடமும் உரித்தல்லாத கீழிடமும் கொண்ட நிலப்படமாகக் காண்கிறது. சிட்னியிலும் இலண்டனிலும் அமெரிக்கச் செருப்புக் கடையிலும் மீறப்பட்டது இந்த எல்லைக்கோடு. பொருள் விலைக்கு விற்கப்பட்டதோ, உடல் வெளிப்பட்டதோ அடிப்படைக் காரணமன்று. உடலின் வெளிப்பாடு காரணமென்றால் மாமல்லபுரத்துத் திருமகளுக்கும் நாம் சேலை உடுத்த வேண்டியிருக்கும்.

இவ்வேறுபாட்டை வலியுறுத்துவதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. புலம்பெயர் நாடுகளில் பிறந்த நம் இளைஞர் பலர் இன்று உடை வடிவமைப்பாளர்களாகவும் வரைகலைஞர்களாகவும் விளங்குகின்றனர். சிவகாசி நாட்காட்டியின் வண்ணங்களைத் தம் பரம்பரைச் சொத்தாகவே எண்ணிப் பயன்படுத்துகின்றனர். தெய்வ உருவம் எப்பொருளிலும் கூடாது என்ற பொதுத்தடை, அயல் நிறுவனத்தை மட்டுமன்றி இவர்களையும் தண்டிக்கும். கொண்டையராஜுவையும் பின்னோக்கித் தண்டிக்கும்.

தமிழகத்தில் இம்மரபைப் புதுப்பிக்கும் முயற்சிகள் பலவகையின. 2008இல் சென்னை சில்க்ஸ் நிறுவனம் இரவிவர்மாவின் பதினோர் ஓவியங்களைப் பட்டிலே நெய்து, ஏறத்தாழ 40 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள சேலையொன்றை உருவாக்கியது. சேலை உடுத்திய பெண்களைத் திரையில் எழுதியவரின் ஓவியங்களே சேலையாயின! 2020இல் ஒளிப்படக் கலைஞர் ஜி. வெங்கட்ராம் திரைப்பட நடிகையரை இரவிவர்மாவின் நாயகியராக நிறுத்தி ஒரு நாட்காட்டியை வெளியிட்டார். இவ்விரண்டும் மூலத்தைப் போற்றுவன. அதனை வினவுவன அல்ல.

வினவியது 2017 இறுதியில் சென்னையில் பரத்வாஜ் சுந்தரும் ஒளிப்படக் கலைஞர் நரேஷ் நீலும் உருவாக்கிய படத்தொகுப்பு. கருநிற மேனியுடையோரைத் திருமகளாகவும் பிற தெய்வங்களாகவும் அவர்கள் படமெடுத்தனர். மேடையமைப்பும் ஒளிவட்டமும் அணிகளும் நாட்காட்டியின் வழக்கப்படியே அமைந்தன. மேனியின் நிறம் மட்டும் மாறியது. அம்மாற்றத்தால், வெளிர்நிறமே தெய்வநிறம் என்ற, எவரும் வாய்விட்டுக் கூறாத கருத்து கண்ணுக்குப் புலனாயிற்று. இதனைத் தொன்மைக்குத் திரும்புதல் என்று சிலர் வரவேற்றனர். எனக்கு அதில் ஐயம் உண்டு. தொல்காப்பியம் குறிக்கும் மாயோன் கருநிறத்தவன் என்பதும், அவன் அச்சுப்படத்தில் நீலமானதும் உண்மையே. ஆனால் திருமகளுக்குத் தமிழ் வழங்கிய பழம்பெயர்களுள் ஒன்று செய்யாள், அதாவது சிவந்தவள். கருமேனித் திருமகளுக்குப் பழமையின் சான்று தேவையில்லை. முகப்பூச்சு விளம்பரங்களின் நடுவே வளரும் ஒரு பெண்ணுக்கு அப்படம் என்ன சொல்கிறது என்பதிலேயே அதன் பொருள் இருக்கிறது.

இறுதியாக, நம் அயலக வீடுகளின் சுவர்களில் தொங்கும் தினசரி நாட்காட்டி. தமிழ்க் கடைக்காரர் புத்தாண்டையொட்டி வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுப்பது அது. மேலே தெய்வம், இடையில் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும், கீழே நாள்தோறும் கிழிக்கும் தாள்கட்டு. தை முதல் மார்கழி வரை ராகுகாலமும் நல்ல நேரமும் தாள் தாளாகக் கிழிபட்டுக் குப்பைக்குப் போகும். திசம்பர் இறுதியில் தாள்கட்டு தீர, படம் ஒட்டிய அட்டை மட்டும் எஞ்சும். ஊரில் அதனைக் கோயில் மரத்தடியில் சாய்த்துவைக்கலாம், ஆற்றில் விடலாம். இங்கே மரத்தடி நகராட்சிக்கு உரியது. ஆற்றில் விட்டால் அபராதம் கட்ட நேரும். நான் அறிந்த இல்லத்தரசியர் பலர் படத்தை மட்டும் கத்தரித்தெடுத்து, கடையின் பெயருள்ள பகுதியை மறுசுழற்சித் தொட்டியில் இடுகின்றனர். கத்தரிக்கோல் எந்தக் கோட்டில் செல்ல வேண்டும் என்பதில் அவர்களுக்கு ஐயம் எழுவதில்லை. வெட்டியெடுத்த தெய்வங்கள் அலமாரியின் மேல்தட்டில், ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டுக் கிடக்கின்றன.